திரும்பப் பார்த்தது

ஒவ்வோர் ஆண்டும் மார்ச் பதினான்காம் தேதி காலையில் நெத்யல்கா சீக்கிரமே எழுந்துவிடுவாள். காபி இறங்காது. ஒன்பது மணிக்கு எதிர்வீட்டு மரீக்கா கதவைத் தட்டுவாள் என்று தெரியும். அவள் கையில் பெரிய பேசின் நிறைய வேகவைத்த கோதுமை இருக்கும். மேலே சர்க்கரைத் தூளும் அக்ரூட் பருப்பும் தூவியிருக்கும். மூன்று வயதில் செத்துப்போன மகன் அசெனின் பெயரால் அந்த நாலு மாடிக் கட்டடத்தில் ஒரு கதவு விடாமல் கொடுத்துவிட்டு வருவாள். வாங்குகிறவர்கள் ஒரு வாய் போட்டுக்கொண்டு, "கடவுள் மன்னிக்கட்டும்" என்று இறந்தவனுக்காகச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். நெத்யல்காவுக்கு மட்டும் அந்தக் கோதுமை தொண்டையிலேயே நிற்கும். நிற்காதா பின்னே? அந்தப் பிள்ளையின் ரத்தத்தைச் சோதித்து, ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தவளே அவள்தான்.

கோதுமையோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. அன்றைக்குக் கட்டடத்தின் வாசல் கதவில் புது அஞ்சலித் தாள் ஒட்டப்பட்டிருக்கும். எங்கள் ஊரில் செத்தவர்கள் சுலபத்தில் போய்விடுவதில்லை. வாசலில், மின்கம்பத்தில், பேருந்து நிறுத்தத்தில், ரொட்டிக்கடைச் சுவரில் என்று வருடா வருடம் புதுத் தாளில் வந்து நிற்பார்கள். 'அசென் இல்லாத ஐந்து ஆண்டுகள்', 'அசென் இல்லாத பன்னிரண்டு ஆண்டுகள்' என்று எண்ணிக்கை மட்டும் மாறும். படம் அதேதான். கம்பளித் தொப்பி, பெரிய காது, கீழுதட்டில் ஒரு புண். படம் பிடித்தவன் அந்தப் புண்ணை மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் நெத்யல்கா அந்தப் புண்ணைத்தான் பார்ப்பாள்.

நடந்தது தொண்ணூற்றொன்றாம் வருடத்து ஜனவரியில். அந்தக் குளிர்காலத்தைப் பற்றி எங்கள் டான்யூப் கரை ஊரில் யாரைக் கேட்டாலும் இரண்டு விஷயம் சொல்வார்கள்: கடையில் சாமான் இல்லை, வீட்டில் கரண்ட் இல்லை. மூன்று மணி நேரம் இருக்கும், மூன்று மணி நேரம் போகும். "கரண்ட் போச்சு" என்பது ஊருக்கே பொது மன்னிப்பாக இருந்தது. பால் திரிந்ததா, கரண்ட். ரொட்டி வேகவில்லையா, கரண்ட். பல் டாக்டர் நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டாரா, அதுவும் கரண்ட். யாரும் யாரையும் அதற்குமேல் கேட்க மாட்டார்கள்.

நெத்யல்காவுக்கு அப்போது முப்பத்தைந்து வயது. கல்யாணம் ஆகவில்லை. மருத்துவமனை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பன்னிரண்டு வருடமாக வேலை. அன்று விடியற்காலை ஐந்து மணியிலிருந்து பாலுக்கு வரிசையில் நின்றுவிட்டு, கால் வீங்கி, வெறுங்கையோடு வேலைக்கு வந்திருந்தாள். மேசையில் அசெனின் ரத்தச் சீரம் காத்திருந்தது. மூன்றாவது முறையாக நிமோனியா. இந்தப் பிள்ளைக்கு நோயை எதிர்க்கும் புரதம் இருக்கிறதா இல்லையா என்று டாக்டர் கேட்டிருந்தார்.

அதைப் பார்க்க அப்போது இருந்த வழி ஒன்றே. விரல் அகலத் தாள் பட்டையில் ஒரு சொட்டு வைத்து மின்சாரம் செலுத்தினால், புரதங்கள் ஒவ்வொன்றும் தன் வேகத்துக்கு ஓடி வெவ்வேறு இடத்தில் நிற்கும். சாயத்தில் முக்கினால் சிவப்புக் கோடுகளாகத் தெரியும். கடைசியில் பின்தங்கி நிற்கும் கோடுதான் டாக்டர் கேட்டது. அசெனின் பட்டையில் அந்தக் கோடு நன்றாகத் தடித்தே இருந்தது. ஆனால் இடம் சரியில்லை. வழக்கத்தைவிடக் கொஞ்சம் முன்னே தள்ளி, குறுகலாக நின்றது. பட்டை ஓடிக்கொண்டிருந்தபோது பாதியில் சில நிமிஷம் கரண்ட் போய் வந்திருந்தது. அதனால் கோணிக்கொண்டது என்று நினைத்தாள். அவள் என்ன, ஊரில் யாராயிருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

கரண்ட் போனால் மறுபடி ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு அறிக்கையின் கீழே 'திரும்பப் பார்த்தது' என்று எழுத வேண்டும் என்பது கூடத்தின் விதி. சீரம் மிச்சம் இருந்தது. பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போகும், மணி பதினொன்றேகால், ஓட்ட அரை மணி போதும். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிக் காலைத் தேய்த்துக்கொண்டாள். பிறகு 'எதிர்ப்புப் புரதம்: இயல்பு' என்று எழுதினாள். கீழே 'திரும்பப் பார்த்தது' என்றும் எழுதினாள். திரும்பப் பார்க்கவில்லை.

மார்ச்சில் பிள்ளை போய்விட்டான். சாவு வீட்டில் மரீக்கா நெத்யல்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நீதான்டி என் பிள்ளைக்கு ரெண்டு தடவ பாத்த. வேற யாரு பாப்பா? எல்லாம் நல்லாத்தான்டி இருந்துது, நெத்யா. அப்புறம் ஏன்டி போனான்?" என்று கேட்டுக் கேட்டு அழுதாள். நெத்யல்கா அவள் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள். என்ன சொல்ல முடியும்? அப்போது அவளுக்கே ஒன்றும் தெரியாது, ஒரு சின்னப் பொய்யைத் தவிர.

தெரிந்தது ஏழு வருடம் கழித்து. தலைநகர் சோஃபியாவில் ஐந்து நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் ஒரு பேராசிரியை இருட்டறையில் படம் காட்டிக்கொண்டிருந்தார். திரையில் ஒரு பட்டை வந்தது. கடைசிக் கோடு தடித்து, முன்னே தள்ளி, குறுகலாக. நெத்யல்காவின் பென்சில் கீழே விழுந்து உருண்டது. அவள் குனிந்து எடுக்கவில்லை.

பேராசிரியை சொன்னது இதுதான். எதிர்ப்புப் புரதத்தைச் செய்யும் பி செல் என்ற வெள்ளையணு முதலில் ஒரே வகையைத்தான் செய்யும், 'எம்' வகை. ஐந்து சேர்ந்து பிணைந்த பெரிய உருவம். ரத்தக் குழாயைத் தாண்டி அதிகம் போகாது. நுரையீரல் வரை போய்க் காப்பாற்ற மெலிந்த 'ஜி' வகை வேண்டும், குடலுக்கும் வாய்க்கும் 'ஏ' வகை வேண்டும். ஆனால் பி செல் தானாக மாறாது. பக்கத்தில் டி செல் வர வேண்டும், தன் மேற்பரப்பில் உள்ள ஒரு கையால் இதைத் தொட வேண்டும். தொட்டால்தான் இது மாறத் தயாராகும். எந்த வகைக்கு மாறுவது என்பதை அங்கே சுரக்கும் சிறுசிறு தூதுப் புரதங்கள் சொல்லும். சில ஆண் பிள்ளைகளுக்கு அந்தக் கை பிறவியிலேயே இல்லை. அவர்களின் பி செல்கள் ஆயுசு முழுக்கக் காத்துக்கொண்டு 'எம்' வகையையே செய்து தள்ளும். பட்டையில் கோடு தடிப்பாகத் தெரியும், பார்க்கிறவர்கள் எல்லாம் இருக்கிறது என்று நினைப்பார்கள், வேண்டியது ஒன்றும் இருக்காது. "கோடு நிக்கிற இடத்தப் பாருங்க. திரும்பத் திரும்ப அதே இடத்துலதான் நிக்கும்," என்றார் பேராசிரியை.

திரும்ப ஓட்டியிருந்தால் அதே இடத்தில் நின்றிருக்கும். கரண்ட் இல்லை, இது வேறு ஏதோ என்று ஒரு கேள்வி வந்திருக்கும். சோஃபியாவுக்கு அனுப்பியிருப்பார்கள். பிழைத்திருப்பானா? அந்தக் குளிர்காலத்தில் ஆஸ்பிரினுக்கே அலைந்தோம், அதனால் ஒருவேளை பிழைத்திருக்க மாட்டான். ஒருவேளை பிழைத்திருப்பான். அந்த ஒருவேளைதான் அவளை அன்றிலிருந்து பிடித்துத் தின்றது. ஊருக்குத் திரும்பியதும் பழைய பெட்டிகளைக் கிளறி அசெனின் பட்டையைத் தேடி எடுத்தாள். வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு உறையில் போட்டு, துணி அலமாரியில் போர்வைக்கு அடியில் வைத்தாள். வருடத்தில் ஒருநாள் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்ப்பாள். சிவப்பு மங்கவே இல்லை.

பேராசிரியை இன்னொன்றும் சொல்லியிருந்தார்: இது தாய்வழியாக வரும், பெண்களை விட்டுவிட்டு ஆண் பிள்ளைகளைப் பிடிக்கும். இறந்தவர்களுக்கான சனிக்கிழமை ஒன்றில் மரீக்காவோடு அவள் பிறந்த ஊர் இடுகாட்டுக்குப் போனபோது, நெத்யல்கா தன் கண்ணாலேயே பார்த்தாள். மரீக்காவின் அண்ணன் ஒருவன் இரண்டு வயதில், தம்பி ஒருவன் நாலு வயதில். இரண்டு சின்னக் கல். "எங்க வீட்டு ஆம்பளப் பசங்க தங்க மாட்டாங்கடி. யாரோ கூப்பிட்டுக்கிறாங்க," என்று சொல்லிக்கொண்டே மரீக்கா கல்லின் மேல் ஒயினை ஊற்றினாள். நெத்யல்கா திரும்பிப் பார்த்தாள். அசெனுக்கு மூத்தவள் ஒருத்தி இருந்தாள், ரதோஸ்தினா. கொஞ்சம் தள்ளி நின்று புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது பதினான்கு வயது.

இவளிடமாவது சொல்லியிருக்க வேண்டாமா? வேண்டும்தான். நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினாள். சின்னப் பெண், வளரட்டும். கல்யாணம் ஆகட்டும். ரதோஸ்தினா வளர்ந்து ஸ்பெயினுக்கு வேலைக்குப் போனாள், அங்கேயே ஒருவனைக் கட்டிக்கொண்டாள். போகட்டும், பெண் பிள்ளையாகப் பிறக்கும், அவளிடம் அந்தக் குறை இல்லாமலும் இருக்கலாம். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் பொய்யையும் சொல்ல வேண்டும், அதுதான் விஷயம். ஊரில் நெத்யல்காவுக்கு உறவென்று இருந்தவள் மரீக்கா ஒருத்திதான். தினம் சாயங்காலம் அவள் வீட்டில் காபி, ஞாயிற்றுக்கிழமை அவள் சுட்ட குடைமிளகாய். அதை இழக்கத் துணிவு வரவில்லை. கோழை என்று நீங்கள் சொல்லலாம். அவளே தன்னை அப்படித்தான் சொல்லிக்கொண்டாள்.

இரண்டாயிரத்துப் பதினொன்று நவம்பரில் ரதோஸ்தினாவுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. பேர் காமென். பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். நாற்பது நாள் கழிந்ததும் நெத்யல்கா நீலச் சாக்ஸ் வாங்கிக்கொண்டு போய், கண் படாமல் இருக்க வழக்கம்போல், "த்தூ த்தூ, என்ன அவலட்சணம், என்ன அவலட்சணம்!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கு மட்டும் கண்ணில் நீர் முட்டியது.

"அசென் பொறந்த அதே நவம்பர்டி," என்று மரீக்கா சமையலறையில் அவள் காதோடு சொன்னாள். "ஒரே மாசத்துல பிறந்தவங்கள்ல ஒருத்தன் போயிட்டா இன்னொருத்தனக் கூப்பிடுவானாமே. எனக்குத் தூக்கமே வரல, நெத்யா."

"உளறாதடி," என்றாள் நெத்யல்கா.

அதிலிருந்து அவள் மாதங்களை எண்ண ஆரம்பித்தாள். தாயின் 'ஜி' வகை பிள்ளைக்கு வயிற்றுக்குள்ளேயே போய்ச் சேர்ந்திருக்கும், ஆறு மாதம் போலத் தாங்கும். காமென் கொழுகொழுவென்று வளர்ந்தான். மூன்றாம் மாதம், நாலாம் மாதம். ஐந்தாம் மாதம் அவளுக்கே லேசாக நம்பிக்கை வந்துவிட்டது. ஏழாம் மாதம் இருமல் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை மடியில் வாங்கி வாயைத் துடைத்தபோது, கீழுதட்டின் உள்பக்கம் ஒரு புண் இருந்தது. வாசல் கதவில் அசென் இருபத்தோராம் ஆண்டுத் தாளில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை காமெனை மருத்துவமனையில் சேர்த்தார்கள். அதே கூடம், இப்போது நல்ல இயந்திரம் இருந்தது, வகை வகையாகப் பிரித்துச் சொல்லும். 'எம்' மிக அதிகம். 'ஜி' இல்லை என்றே சொல்லலாம். நெத்யல்கா திரும்ப ஓட்டினாள். மூன்றாவது தடவையும் ஓட்டினாள். பிறகு தாளை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள்.

டாக்டர் வெல்ச்செவ் சின்ன வயது, நல்லவர், அவசரக்காரர். "எம் அதிகமாத்தானே இருக்கும்மா? புதுசா தொற்று வந்தா அதுதான் மொதல்ல ஏறும். குழந்தைக்கு ஜி மெதுவா வரும். பத்து நாள் பொறுத்துப் பாப்போம்," என்றார்.

"வராது டாக்டர். இவனுக்கு மாறவே மாறாது. சோஃபியாவுக்கு அனுப்புங்க. இன்னைக்கே."

அவர் கட்டிலருகே நின்ற ரதோஸ்தினாவிடம் திரும்பினார். "உங்க குடும்பத்துல வேற ஆம்பளப் பசங்களுக்கு இப்படி வந்திருக்கா?"

"தம்பி ஒருத்தன் நிமோனியால செத்தான். ஆனா அவனுக்கு அப்பவே ரத்தம் பாத்தாங்க. எல்லாம் சரியா இருந்துது."

"இருக்கு, இருக்கு, காகிதம் என்கிட்ட இருக்கு," என்று மரீக்கா கைப்பையைத் திறந்தாள். பிள்ளையைச் சேர்த்ததுமே வீட்டுக்குப் போய் எடுத்து வந்திருக்கிறாள், பாவம். பிளாஸ்டிக் உறைக்குள் இருபத்தொரு வருடமாக மடங்காமல் வைத்திருந்த அறிக்கை. டாக்டர் வாசித்தார்: "எதிர்ப்புப் புரதம் இயல்பு. திரும்பப் பார்த்தது. அப்ப இது பரம்பரையா வர்றது இல்ல. நல்லதாப் போச்சு. பொறுத்தே பாப்போம்மா."

அவள் எழுதிய பொய்யே வந்து வழியை மறித்துக்கொண்டு நின்றது. கட்டிலில் காமென் மூச்சு வாங்கும்போது விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வந்தது. பத்து நாள் தாங்குமா அது?

"அந்தக் காகிதம் பொய்," என்றாள்.

"என்னடி சொல்ற?" என்றாள் மரீக்கா.

"நான்தான் எழுதினேன். திரும்பப் பாக்கல. பாத்தேன்னு எழுதினேன். இதே வியாதிதான் அசெனுக்கும். உன் அண்ணன் தம்பிக்கும் இதேதான்." காலையில் போர்வைக்கு அடியிலிருந்து எடுத்து வந்த உறையை வெள்ளைக் கோட்டுப் பையிலிருந்து உருவி டாக்டரிடம் நீட்டினாள். "கோடு நிக்கிற இடத்தப் பாருங்க."

டாக்டர் பட்டையை ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார், தாளைப் பார்த்தார், மறுபடி பட்டையைப் பார்த்தார். பட்டையையும் அறிக்கையையும் மேசையில் போட்டுவிட்டு நேரே தொலைபேசிக்குப் போனார்.

ரதோஸ்தினா சுவரில் சாய்ந்துவிட்டாள். "எப்பருந்து தெரியும், அத்தை? நான் உண்டானப்பவே தெரியுமா?"

"தெரியும்மா."

ரதோஸ்தினா கட்டிலுக்குத் திரும்பிப் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டாள். மரீக்கா கத்துவாள், அடிப்பாள் என்று நெத்யல்கா எதிர்பார்த்தாள். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். மரீக்கா மேசையில் கிடந்த பட்டையை இரண்டு விரலால் எடுத்தாள்.

"இது அவன் ரத்தமா?"

"ஆமா."

"அவனோட ரத்தம், இத்தன வருஷமா எதிர்வீட்டுல இருந்துதா?"

மரீக்கா பட்டையை அந்தப் பழைய அறிக்கையோடு சேர்த்துப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, கைப்பையில் போட்டு மூடினாள். மத்தியானம் ஆம்புலன்ஸ் வந்தது. மூன்று பேரும் சோஃபியாவுக்குப் போனார்கள். நெத்யல்கா கூடத்துக்குப் போய் மிச்ச சாம்பிள்களைப் பார்த்தாள்.

அங்கே பத்து நாளில் உறுதி செய்தார்கள். டி செல்லின் கை இல்லை. காமெனுக்கு மாதம் ஒருமுறை மற்றவர்களின் 'ஜி' வகையை நரம்பு வழியே ஏற்ற ஆரம்பித்தார்கள். கொதிக்கவைத்த தண்ணீர்தான் குடிக்க வேண்டும். எலும்பு மஜ்ஜை தரப் பொருத்தமான ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். இதெல்லாம் நெத்யல்காவுக்கு டாக்டர் வெல்ச்செவ் சொல்லித்தான் தெரியும். எதிர்வீட்டுக் கதவு அவளுக்குத் திறக்கவில்லை. மாடிப்படியில் எதிர்ப்பட்டால் மரீக்கா சுவர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு இறங்கிவிடுவாள். செய்த தப்புக்காக மருத்துவமனை விசாரித்தது. ஓய்வுக்கு நாலு வருடம் இருந்தும் நெத்யல்கா தானே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டோடு இருந்தாள்.

அடுத்த மார்ச் பதினான்காம் தேதி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். முதல் மாடியில் தட்டும் சத்தம், இரண்டாம் மாடியில் தட்டும் சத்தம். மூன்றாம் மாடியில் மரீக்கா பக்கத்து வீட்டைத் தட்டினாள். பிறகு காலடி அவள் கதவைத் தாண்டி மேலே ஏறிப் போய்விட்டது. இத்தனை வருடம் எந்தத் தட்டலுக்குப் பயந்தாளோ, அது வராமல் போனது அதைவிடக் கொடுமையாக இருந்தது. அதற்கடுத்த வருடமும் அப்படியே. சமையலறையில் தானே கொஞ்சம் கோதுமையை வேகவைத்துப் பார்த்தாள். யார் பெயரைச் சொல்லித் தின்பது என்று தெரியாமல் ஆற்றங்கரைப் புறாக்களுக்குக் கொட்டிவிட்டாள்.

மூன்றாம் வருடம் மார்ச் பதினான்காம் தேதி காலை ஒன்பது மணிக்குக் கதவு தட்டப்பட்டது.

மரீக்கா நின்றாள். பேசினும் இல்லை, கோதுமையும் இல்லை. ஒரு கையில் அஞ்சலித் தாள்கள், மறு கையில் டேப். அவள் பின்னால் பாவாடையைப் பிடித்துக்கொண்டு காமென். பெரிய காது, கம்பளித் தொப்பி. நெத்யல்காவுக்கு ஒரு கணம் மூச்சே நின்றுவிட்டது, படத்தில் இருந்தவன் இறங்கி வந்துவிட்டான் என்று. உதட்டில் புண் இல்லை. அதைப் பார்த்தபிறகுதான் மூச்சு வந்தது.

"அசென் இருந்தது மூணு வருஷம், மூணு மாசம், இருபத்திரெண்டு நாள்," என்றாள் மரீக்கா. கல்லு மாதிரிக் குரல். "இவன் அதத் தாண்டி ரெண்டு வாரமாச்சு. தினம் எண்ணினேன்."

"நானும் எண்ணினேன்."

"எண்ணியிருப்ப. உனக்கு வேற என்ன வேல?" தாள்களை அவள் கையில் திணித்தாள். "இருபத்திநாலு வருஷம் நான் ஒட்டினேன். எனக்கு இப்ப இவனப் பாத்துக்கணும். அவன நீ பாத்துக்கோ. இனிமே நீதான் ஒட்டணும்."

"வாசல்லயா?"

"வாசல்ல அப்புறம். மொதல்ல உன் கதவுல."

செத்தவன் வாழ்ந்த வீட்டுக் கதவில்தான் முதல் தாளை ஒட்டுவது எங்கள் வழக்கம். நெத்யல்கா வெளியே வந்தாள். கதவை வெளிப்பக்கம் திருப்பி, தாளை வைத்து, டேப்பின் நுனியைப் பல்லால் கடித்தாள். தாள் நழுவியது. அசென் அவள் கண்ணுக்கு நேராக இருந்தான், இவ்வளவு கிட்டத்தில் அவனை அவள் பார்த்ததே இல்லை.

"கோணலா இருக்கு," என்றாள் மரீக்கா. தாளின் மேல் மூலையை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "பிரிச்சுட்டுத் திரும்ப ஒட்டு."

நெத்யல்கா பிரித்தாள். திரும்ப ஒட்டினாள்.